தொட்டாங்க, ஆனா கை வைக்கல

“தொட்டாங்கண்ணே. ஆனா கை வைக்கல.”

இந்த வரியை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. மேசைக்கு அந்தப் பக்கம் வழக்கறிஞர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். சீனப் பெண்மணி, நிதானமானவர். அவர் கேட்டது சாதாரணக் கேள்விதான்: விசாரணையின்போது உங்களை யாராவது தொட்டார்களா? நான் அப்படியே தமிழில் கேட்டேன். வந்த பதில் இது. தமிழில் தொடுவதற்கும் கை வைப்பதற்கும் நடுவே ஒரு காவல் நிலையமே இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மாதத்துக்கு நாலைந்து முறை இப்படிச் சிங்கப்பூர் வழக்கறிஞர்களிடம் மொழிபெயர்ப்பாளனாகப் போய் உட்கார்வேன். முழுநேர வேலை வேறு. இது கூடுதல் வருமானம், கொஞ்சம் ஆர்வமும்கூட. பெரும்பாலும் வேலை இடத்து விபத்து, சம்பள பாக்கி. குற்ற வழக்கு எப்போதாவது வரும். இந்தத் தம்பி பட்டுக்கோட்டைப் பக்கம் (அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்). டாமில், அதாவது தொழிலாளர் விடுதியில், சமையலறை அடுப்பு யாருக்கு முதலில் என்று தகராறு. ஒருத்தன் மண்டையில் மூன்று தையல். போலீஸ் வந்து இரண்டு பேரையும் கூட்டிப்போனது. தம்பி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். “நான்தான் முதலில் தள்ளினேன்” என்று அதில் இருக்கிறது. வழக்கறிஞரிடமோ, தான் தள்ளவே இல்லை என்கிறார்.

அப்படியானால் வழக்கறிஞர் அடுத்துக் கேட்க வேண்டியது, யாராவது தொட்டார்களா என்பதுதானே.

எனக்குக் காவல்துறை முற்றிலும் அந்நியம் இல்லை. தொண்ணூறுகளில் தேசிய சேவையை (இங்கே ஆண்களுக்கு அது கட்டாயம்) போலீசில் செய்தவன். எங்கள் பாட்டி “மாத்தா வரான் பாரு” என்று பயமுறுத்தித்தான் எனக்குச் சோறு ஊட்டுவார். போலீஸைக் குறிக்க மலாய்க்காரர்களிடமிருந்து நம் வீடுகளுக்குள் வந்துவிட்ட சொல் அது. அந்த மாத்தா சட்டையை நானே போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளில் பாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பயிற்சியில் இன்றுவரை மறக்காத ஒன்று, கைவிலங்கு. விலங்கை மாட்டுவது சுலபம். மணிக்கட்டில் தட்டினால் அந்த வளையம் சுழன்று வந்து பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. சாவியின் மறுமுனையில் குண்டூசித் தலை மாதிரி ஒரு முள் இருக்கும். அதை வைத்து விலங்கின் விளிம்பிலுள்ள சின்னத் துளையில் அழுத்த வேண்டும். இரட்டைப் பூட்டு என்பது இதுதான். இதைப் போடாவிட்டால், மாட்டியவன் கையை அசைக்க அசைக்க வளையம் ஒவ்வொரு பல்லாக இறுகிக்கொண்டே போகும். யாரும் வேண்டுமென்றே இறுக்க வேண்டியதில்லை. அவன் காருக்குள் சாய்ந்து உட்கார்ந்தாலே போதும்.

ஒருநாள் நான் அதை மறந்துவிட்டேன். எனக்கு இணையாக நின்றவன் ஒரு மலாய்ப் பையன். பத்து நிமிடம் கழித்துக் கழற்றும்போது அவன் மணிக்கட்டில் செக்கச்செவேலென்று இரண்டு கோடுகள். அவன் ஒன்றும் சொல்லவில்லை, தேய்த்துக்கொண்டான். பயிற்றுநரும் கத்தவில்லை. அவன் கையைப் பிடித்து எனக்குக் காட்டினார், அவ்வளவுதான்.

பல வருடம் கழித்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 76ஆம் பிரிவைப் படித்தபோது அந்த இரண்டு கோடுகள்தான் நினைவுக்கு வந்தன. பிரிவு ஒரே வாக்கியம்: கைது செய்யப்பட்டவரை, அவர் தப்பிக்காமல் தடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது. அந்தச் சாவி முனை முள்ளும் இந்த வாக்கியமும் செய்வது ஒரே வேலை.

அதற்கு முந்தைய 75ஆம் பிரிவு இன்னும் சுவாரசியம். கைது என்றால் என்ன என்று அது சொல்கிறது. சொல்லாலோ செயலாலோ ஒருவர் தானாகப் பணிந்தால் சரி. இல்லையென்றால் அதிகாரி அவர் உடலைத் தொட வேண்டும், அல்லது அடைத்து நிறுத்த வேண்டும். அதாவது தொடச் சொல்வதே சட்டம்தான். எதிர்த்து முண்டினாலோ ஓடப் பார்த்தாலோ, கைது செய்வதற்குத் தேவையான நியாயமான வழிகள் எல்லாவற்றையும் பயன்படுத்தலாம். தேவையான, நியாயமான. இந்த இரண்டு சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. எத்தனை அடி, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று சட்டத்தில் அட்டவணை எதுவும் கிடையாது. தொடுவது எந்த இடத்தில் கை வைப்பதாக மாறுகிறது என்பதைச் சம்பவ இடத்தில் அதிகாரி ஒரு நொடியில் முடிவு செய்கிறார். அது சரிதானா என்று நீதிமன்றம் பல மாதம் உட்கார்ந்து யோசிக்கிறது.

ஆனால் வாக்குமூலம் வாங்குவதற்காக அடிப்பது என்று வந்துவிட்டால் ‘நியாயமான’ என்ற சொல்லுக்கே இடமில்லை. தண்டனைச் சட்டம் 330ஆம் பிரிவு. ஒப்புக்கொள்ள வைப்பதற்காகக் காயப்படுத்தினால் 7 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதமோ பிரம்படியோ விதிக்கலாம். ஆமாம், பிரம்படி. அடித்த அதிகாரிக்குச் சட்டப்படி அடி விழலாம். இந்த ஊர்ச் சட்டத்தின் விசித்திரம் இது: நிலையத்தில் ஒரு அறைகூட விடக்கூடாது, தீர்ப்பு வந்தபின் ஐம்பது வயதுக்குட்பட்ட ஆணுக்கு 24 பிரம்படி வரை கொடுக்கலாம். உடம்பின் மேல் வன்மை கூடாது என்பதல்ல இங்கே கொள்கை. யார், எந்த உத்தரவின் பேரில் என்பதுதான் விஷயம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு வேறு பக்கம் போய்விடும்.

அந்த 330ஆம் பிரிவுக்குக் கீழே சில எடுத்துக்காட்டுகள் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது: ‘அ’ என்னும் போலீஸ் அதிகாரி, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காக ‘ஃ’ என்பவரைச் சித்திரவதை செய்கிறார், ‘அ’ குற்றவாளி. முதல் தடவை படித்தபோது திடுக்கிட்டேன். திருடன், ரவுடி என்று எத்தனையோ பேர் இருக்க, சட்டம் எழுதியவருக்கு உடனே கண்முன் வந்து நின்றது ஒரு போலீஸ்காரர்!

காரணம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரின் தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிள்ளை. 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) அது இங்கே சட்டமானது. இந்தியாவிலும் இதே 330, இதே எடுத்துக்காட்டு. அங்கே 2024 ஜூலையில் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் மாறின. அந்தப் போலீஸ்காரர் மட்டும் புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறார். 1860இன் மூலத்தில் அவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவரும் உண்டு: வரி பாக்கியை வசூலிக்கச் சித்திரவதை செய்யும் வருவாய் அதிகாரி. இவர்கள் இருவரும் யார் என்று தெரிய வேண்டுமானால் சென்னை மாகாணத்துக்குப் போக வேண்டும்.

1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியானது. வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை நடப்பது உண்மை என்று கும்பினிக்காரர்களே, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியாரே, ஒப்புக்கொண்ட ஆவணம் அது. அதிகம் கையாளப்பட்டவை என்று அதில் சொல்லப்படும் இரண்டுக்கும் ஆங்கிலப் பெயர் கிடையாது. ஒன்று கிட்டி: இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. இன்னொன்று அண்ணாந்தாள்: கழுத்தின் மேலாகக் கயிற்றைப் போட்டு, கால் விரலுக்கு அடியில் கொண்டுபோய் இழுத்துக் கட்டி, ஆளைக் குனிந்த நிலையிலேயே வெயிலில் நிறுத்திவைப்பது. கிட்டியை அவர்கள் மொழிபெயர்க்கவில்லை. ஒலியை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். என்னைப் போலவே அந்த மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு நிமிடம் பிடித்திருக்கும்.

இந்தியச் சட்டம் அதற்குப் பிறகு போலீஸை நம்பவே இல்லை. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதி 1861லேயே வந்துவிட்டது. 1872இன் சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவாக நிலைத்தது. இருந்தும் என்ன? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய அப்பாவும் மகனும் போலீஸ் பிடித்துப்போன சில நாட்களில் இறந்தார்கள். வழக்கை சிபிஐ எடுத்தது. நாமோ, கை கால்களில் மாவுக்கட்டோடு நிற்கும் ஆட்களின் படத்தைப் போட்டு “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம்” என்று சிரிக்கிறோம். திரையில் நாயக போலீஸ் லாக்கப்புக்குள் பெல்ட்டைக் கழற்றினால் விசில் அடிக்கிறோம். நானும் அடித்திருக்கிறேன்.

சிங்கப்பூர் போன வழி வேறு. இங்கே போலீஸிடம் சொன்னது செல்லும். சார்ஜெண்டும் அதற்கு மேற்பட்ட பதவியும் உள்ளவர் பதிவு செய்திருந்தால் போதும். அதனால்தான் இங்கே வழக்கின் முடிச்சு விசாரணை அறைக்குள் விழுகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 258ஆம் பிரிவு ஒரு வேலி போடுகிறது: ஆசை காட்டியோ, மிரட்டியோ, வாக்குறுதி கொடுத்தோ வாங்கியிருந்தால் வாக்குமூலம் தள்ளுபடி. ஒருவரின் சுய விருப்பத்தை உறிஞ்சி எடுத்துவிடும்படி நடந்துகொண்டிருந்தாலும் அது இதில் சேரும். குற்றம் சாட்டப்பட்டவர் ஆட்சேபித்தால் நீதிபதி வழக்கை நிறுத்திவைத்து, அந்த வாக்குமூலத்துக்கு மட்டும் தனி விசாரணை நடத்துவார். வழக்குக்குள் ஒரு வழக்கு. அது தானாக முன்வந்து சொன்னது என்று சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு காட்ட வேண்டும். பதிவு செய்த அதிகாரி கூண்டேறுவார், மொழிபெயர்ப்பாளர் கூண்டேறுவார். கடுமையான குற்றங்களில் வாக்குமூலத்துக்கு முன்னும் பின்னும் மருத்துவரிடம் கூட்டிப்போய் உடம்பைக் காட்டி எழுதி வாங்கும் வழக்கமும் உண்டு.

அதே பிரிவுக்குக் கீழே இன்னொரு விளக்கம் இருக்கிறது. ஏமாற்றி வாங்கியது என்பதற்காக மட்டும் ஒரு வாக்குமூலம் செல்லாமல் போகாது. சொன்னவர் போதையில் இருந்தார் என்பதற்காகவும் போகாது. ரகசியமாக வைத்துக்கொள்வேன் என்று சொல்லி வாங்கினாலும் அப்படியே. அதாவது கை கூடாது, மிரட்டும் நாக்கு கூடாது, தந்திர நாக்குக்குப் பெரிய தடையில்லை. அரசமைப்பின் 9ஆம் பிரிவு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. உடனே என்று இல்லை, நியாயமான கால அவகாசத்தில் என்று நீதிமன்றங்கள் அதைப் படித்திருக்கின்றன. மறுபடியும் அந்த ‘நியாயமான’.

தெருவில் என்னவென்றால், 2013 டிசம்பர் 8, லிட்டில் இந்தியா கலவரம் நமக்கெல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் ரோடு, புதுக்கோட்டை மாவட்டத்துத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். கூட்டம் கொதித்து ஆம்புலன்ஸும் போலீஸ் வண்டிகளும் எரிந்தன. நான் அன்று தேக்காவில் (லிட்டில் இந்தியாவை நாங்கள் சொல்வது அப்படித்தான்) சாமான் வாங்கிக்கொண்டு எட்டு மணிக்கே கிளம்பிவிட்டேன்; வீட்டுக்கு வந்து பார்த்தால் போனில் எரிகிற படங்கள். அந்த இரவில் போலீஸ் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழுவின் முன் எழுந்த கேள்விகளும் எதிர்ப்பக்கத்திலிருந்தே வந்தன: சிறப்புப் படை வரும்வரை ஏன் காத்திருந்தீர்கள், இன்னும் கொஞ்சம் துணிந்து இறங்கியிருக்கலாமே? வன்மையைக் குறைத்ததற்காகப் போலீஸ் விளக்கம் சொல்ல வேண்டியிருந்த அபூர்வமான விசாரணை அது. சுடாமல் இருந்ததால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் மனிதர்கள் முகத்தை முகம் பார்க்க முடிந்தது என்பது என் கட்சி. 2018இல் வந்த பொது ஒழுங்கு, பாதுகாப்பு சிறப்பு அதிகாரச் சட்டம், பெரிய சம்பவங்களில் காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் தந்திருக்கிறது. அடுத்த முறை எப்படி இருக்கும் என்று எனக்குக் கவலை உண்டு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு 2010 செப்டம்பரைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. அது காவல்துறை இல்லை, சாங்கி சிறை. 21 வயது, நம் தமிழ்ப் பையன். அதிகாரி ஒருவரை உதைத்தார் என்று பல அதிகாரிகள் சேர்ந்து அவரை அடக்கினார்கள். குப்புறக் கிடந்த நிலையில் மூச்சுத் திணறி இறந்துபோனார். 2013இல் மேற்பார்வை அதிகாரி கவனக்குறைவை ஒப்புக்கொண்டார். 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். மரண விசாரணையை மறுபடி நடத்தச் சொல்லிக் குடும்பம் நீதிமன்றம் போனது, கிடைக்கவில்லை. யாரும் கிட்டி போடவில்லை. அடக்கும் உரிமை சட்டத்தில் இருந்தது. ஆள் அடங்கிய பிறகு கையை எடுக்கத்தான் ஆளில்லை.

புகார் செய்தால் யார் விசாரிப்பார்கள்? காவல்துறைக்குள்ளேயே இருக்கும் உள்விவகாரப் பிரிவு. மலேசியாவில் 2023இல் தனி ஆணையம் ஒன்று தொடங்கினார்கள், அதற்குப் பல் போதாது என்ற விமர்சனத்தோடு. இங்கே அப்படி ஒன்று கிடையாது. சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கையிலும் சிங்கப்பூர் இல்லை. மாறாகக் கேமராவை நம்பியிருக்கிறார்கள். 2015 முதல் ரோந்து அதிகாரிகளின் சட்டையில் கேமரா ஏறத் தொடங்கியது. 2018 திருத்தத்துக்குப் பிறகு சில வகைக் குற்றங்களில் வாக்குமூலத்தைக் காணொளியாகவும் பதிவு செய்கிறார்கள். மொழிபெயர்ப்பாளனாக நான் இதை இரண்டு கையாலும் வரவேற்பேன். ஏனென்றால் நம்மவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே “ம்… ஆமா சார்… சரி சார்…” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அது ‘நீங்கள் சொல்வது காதில் விழுகிறது’ என்ற ஆமா. ‘நான் செய்தேன்’ என்ற ஆமா இல்லை. தாளில் இரண்டும் ஒரே ஆமாதான்.

தம்பிக்கு நடந்தது அதுவா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கலாமா என்று வழக்கறிஞரைப் பார்த்தேன். அவரே கேட்டார்: தள்ளவில்லை என்றால் ஏன் தள்ளினேன் என்று சொன்னீர்கள்?

தம்பி கொஞ்ச நேரம் மேசையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அவரு நல்லாத்தாண்ணே பேசுனாரு அந்த ஐஓ (விசாரணை அதிகாரி). தண்ணி குடுத்தாரு. சாப்டியான்னு கேட்டாரு. பக்கத்துல தமிழ் பேசுற அக்கா இருந்தாங்க. நான்தான் பாத்துக்கிட்டே இருந்தேன், எப்ப எந்திரிப்பாருன்னு.”

“எந்திரிச்சா?”

“எந்திரிச்சா கதவச் சாத்துவாங்கள்ல. அதுக்குள்ள ஆமான்னு சொல்லிட்டேன்.”

ஊரில் ஒருமுறை திருவிழாத் தகராறில் இவருடைய அண்ணனைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அப்போது இவருக்குப் பதினாலு வயது. அம்மா கொடுத்தனுப்பிய இட்லிப் பொட்டலத்தோடு நிலையத்து வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறார். ஏட்டு நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போனதையும் கதவு சாத்தியதையும் பார்த்திருக்கிறார். அதன் பிறகு நடந்ததைப் பார்க்கவில்லை, கேட்டிருக்கிறார்.

இதை நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். வழக்கறிஞர் கவனமாகக் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார், கேட்டுத்தான் ஆக வேண்டும். அதிகாரி மிரட்டினாரா? இல்லை. குரலை உயர்த்தினாரா? இல்லை. ஒப்புக்கொண்டால் விட்டுவிடுகிறேன் என்றாரா? இல்லை. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்களா? அந்த அக்கா வாசித்தாங்க, நான்தான் சரின்னேன். திருத்த வேண்டுமா என்று கேட்டார்களா? கேட்டாங்க.

258ஆம் பிரிவு அதிகாரி செய்ததைத்தான் அளக்கும். அவர் செய்யாததை, தஞ்சாவூர் மாவட்டத்து வேப்பமரத்தடியில் எப்போதோ ஓர் ஏட்டு செய்ததை, எந்தப் பிரிவு அளக்கும்? தம்பி வொர்க் பெர்மிட்டோடும் ஊறுகாய்ப் பாட்டிலோடும் அதையும் சேர்த்துத்தான் விமானத்தில் கொண்டுவந்திருக்கிறார். சுங்கத்தில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

“அப்படியானால் யாரைக் கண்டு பயந்தார்?” என்று வழக்கறிஞர் என்னிடம் கேட்டார். நான் தம்பியிடம் கேட்டேன்.

“எங்க ஊரு ஸ்டேஷன நெனச்சுத்தாண்ணே.”

சொன்னேன். வழக்கறிஞரின் முன்னால் இருந்த தாளில் தேதி, நேரம், நிலையம் என்று கட்டங்கள் இருந்தன. அவர் பேனாவை எடுத்தார், கொஞ்சம் யோசித்தார், மூடிவைத்தார். பிறகு, சமையலறையில் அன்று வேறு யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார்.